ரப்பரும் கல்மரமும்

அரியலூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. இரண்டே கதவுகள் கொண்ட பழைய வகை. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது முழுப் பொய்யும் அல்ல. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உருவாயிற்று. அதையும் வரைந்தவர் அவரே. ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. ஆக, எங்கள் வீட்டில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஏழை அண்ணன் எனலாம்.

இவ்வண்டியின் உடல் ஒரே வார்ப்பாக அமைந்ததல்ல. தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, போல்ட்டு கொண்டு சட்டத்தின்மேல் இணைத்தது. இணைப்புகளின் இடையிலும் கண்ணாடிகளைச் சுற்றியும் கதவு விளிம்பிலும் ரப்பர்தான் காவல். ரப்பர் தளர்ந்தால் மழை உள்ளே வரும். சிறுவயதில் அப்பா எங்களைச் சாத்தனூர் கல்மரம் காட்ட அழைத்துச் சென்றார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நீர் சொட்டி எங்கள் மடி நனைந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அப்பா மறைந்தபின் வண்டியைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்தது. பெரம்பலூரில் வாழும் மூத்தவர் விற்றுவிடலாம் என்றார். அரியலூரிலேயே தங்கிவிட்ட இளையவருக்கு மனமில்லை. மூத்தவருக்கு அவ்வண்டி மீது நாற்பதாண்டுக் கசப்பு இருந்தது. 1984இல் அவர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மாதத்தில்தான் அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அதே வாரம் அப்பா திருச்சிக்கு வண்டியை எடுத்துப் போய்த் திரும்பி, "ரப்பர் எல்லாம் மாத்தியாச்சு" என்று அறிவித்தார். வளையல்கள் மீளவே இல்லை. படிப்புக்காக நகையை வைத்தால் கல்லூரிக்கே போகமாட்டேன் என்று அதற்கு முன்பே பிடிவாதம் செய்திருந்த மகன், நகை காருக்குப் போனதென்று நம்பிக்கொண்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க வந்தவர், தரை ஈரமாக இருக்கிறது, பீடிங் மாற்றினால்தான் விலை பேசலாம் என்றார். கதவு பீடிங் திருச்சியில் அடிக்கணக்கில் கிடைத்தது. முன்கண்ணாடி ரப்பர் மட்டும் வண்டிக்கென்றே வார்த்ததாக வேண்டும். இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள், அங்கிருந்து வரவழைத்தோம். கண்ணாடி ஏற்றும் வேலை தனியொருவரால் ஆகாது. அதனால்தான் ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் கொட்டகையில் சேர்ந்து நிற்க நேர்ந்தது.

இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றையே தேடி அறுக்கும், வெயில் துணை நிற்கும். இழுபட்ட இடங்களில் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். இப்போது கதவு பீடிங்குகளில் பெரிதும் பயன்படும் ஈ.பி.டி.எம். ரப்பரின் முதுகெலும்பில் அப்பிணைப்புகள் இல்லாததால் அது நெடுநாள் தாங்கும். எங்கள் வண்டியின் பழைய ரப்பரோ பிளேடு பட்டதும் காய்ந்த கருவாடு போல் ஒடிந்தது. சாத்தனூரில் மரம் கல்லாயிற்று. நெடுங்காலத்தில் மணற்சத்து மரத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது, உருவம் மட்டும் நின்றது. ஒரு மரத்தின் பால் கல்லாவதற்கு அறுபது ஆண்டுகள் போதும் போலும்.

வெளி உதட்டை அறுத்து, உள்ளிருந்து மெல்லத் தள்ளிக் கண்ணாடியை எடுத்தோம். சட்டத்தின் விளிம்பில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெண்தூசி மாவாய்ப் படிந்திருந்தது. அதன் அடியில், ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில், கறுப்பாக ஒரு பட்டை. உரித்துப் பார்த்தோம். சைக்கிள் டியூப். விரலகலத்துக்கு வெட்டி, சொல்யூஷன் தடவி, சுற்றிலும் ஒட்டியிருந்தது. மூலைகளில் கத்தரித்த விதம் அப்பாவுடையது. எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடும்போதும் அவர் அப்படித்தான் சாய்த்து வெட்டுவார்.

அவர் ரப்பர் மாற்றவே இல்லை.

அப்படியானால் வளையல் பணம் எங்கே போயிற்று? நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். கேட்க அம்மாவும் இல்லை. சைக்கிள் டியூப்பைத் தவிர எங்களிடம் வேறு சாட்சியும் இல்லை. அதை வைத்து இறந்தவர் மனத்தை முற்றும் படித்துவிட்டதாகச் சொல்வது பேதைமை. எனினும், அந்த மாதம் கல்லூரிக் கட்டணம் தவணை தவறாமல் கட்டப்பட்டது.

வேலை மிச்சமிருந்தது. துரு சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து உலரவிட்டோம். புது ரப்பரைக் கண்ணாடிக்கு அணிவித்து, அதன் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி இடத்தில் வைத்தோம். மூத்தவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார். இளையவர் உள்ளே அமர்ந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு அங்குலம் அங்குலமாகத் தகட்டின்மேல் ஏறி அமர்ந்தது. ஒருவர் அவசரப்பட்டால் கண்ணாடி போய்விடும்.

"மெதுவா இழுடா."

"நீங்க விடாம அழுத்துங்கண்ணே."

அன்று முழுவதும் நாங்கள் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாலையில் குழாய்நீரைப் பீய்ச்சிச் சோதித்தோம். இடது மூலையில் மட்டும் ஒரு சொட்டு இறங்கியது. மறுபடி பிரித்துப் பார்க்கலாமா என்று இளையவர் கேட்டார். இருக்கட்டும் என்றார் மூத்தவர். சைக்கிள் டியூப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பெரம்பலூர் பேருந்தில் ஏறினார். வாங்க வந்தவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் கலந்து சொல்கிறோம் என்றோம். இன்னும் சொல்லவில்லை.