ஃபேன் கொக்கியில் மழை

ஐப்பசி 9

பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தால் கூடத்து ஃபேன் கொக்கி ஈரத்தில் மின்னுகிறது. மழை விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது, வெளியே சுள்ளென்று வெயில். முதல் வேலையாக மெயினை அணைத்துக் கூடத்து ஃபியூஸைப் பிடுங்கினேன். அம்மா பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்.

ஐப்பசி 11

கொக்கிக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் ஒரு தட்டோடு விரிசல் விட்டிருந்தது. திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கடைக்காரர் கொடுத்த வெள்ளைப் பூச்சை இரண்டு கோட் அடித்தேன். 1,850 ரூபாய்.

ஐப்பசி 14

ராத்திரி நல்ல மழை. சொட்டவில்லை. மத்தியானம், மழை விட்டுப் பத்து மணி நேரம் கழித்து, டொக்.

ஐப்பசி 16

மேஸ்திரி வந்தார். 1994இல் அப்பா இந்தத் தளம் போட்டபோது கையாளாக இருந்தவர். என் பூச்சைக் காலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, சொட்டுற எடத்துக்கு மேல ஓட்டையத் தேடுனா கெடைக்காது."

காங்கிரீட்டுக்கும் தட்டோட்டுக்கும் நடுவே நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கிடக்கிறது. வெயிலைத் தாங்கத்தான் அது. ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்தால் பஞ்சாகக் குடித்துக்கொள்ளும். பிறகு மெதுவாகத் தூம்புப் பக்கம் வாட்டத்தில் நகர்ந்து, தளத்தில் ஒரு மயிரிழை விரிசல் கிடைத்தால் வயர் குழாய்க்குள் இறங்கிவிடும். மழை விட்ட பிறகு சொட்டியதன் காரணம் அதுதான்.

ஐப்பசி 22

சொட்டு முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, களிமண்ணால் மூன்று பாத்தி கட்டினோம். நாளுக்கு ஒரு பாத்தியில் இரண்டு அங்குலத் தண்ணீர். பள்ளத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம், மேட்டில் ஆரம்பித்தால் எந்தத் தண்ணீர் எங்கே போனது என்று குழம்பிவிடும். தூம்புப் பக்கம் ஒன்றுமில்லை. என் பூச்சு இருந்த நடுப் பாத்தியிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது, தொட்டிப் பக்கம். தண்ணீர் விட்ட கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுற்றி முத்து முத்தாகக் குமிழி. மறுநாள் விடியும்போது கொக்கி சொட்டியது. இரண்டுக்கும் நடுவே 14 அடி.

அந்தப் போல்ட் என் கைங்கரியம். 2009இல் டிஷ் வைக்கத் தட்டோட்டைத் துளைக்கச் சொன்னவன் நான். கேபிளுக்கு மாறியபோது டிஷ்ஷை மட்டும் கழற்றினேன். கட்டிய கொத்தனாரைப் பதினோரு நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது வீண்.

ஐப்பசி 23

ஒரு சதுர அடி கொத்தி எடுத்தார். உள்ளே ஜல்லி, ஊறிய அவல் மாதிரி விரலில் பிசிர்ந்தது. உடனே பூசிவிடலாமே என்றேன். "ஈரத்த உள்ள வச்சா பூசுறது?" நாலு நாள் காய வேண்டும். மழைக்குத் தார்ப்பாய்.

ஐப்பசி 27

லேடெக்ஸ் கலந்த சிமென்ட் பால் ஊற்றி, புது ஜல்லி திமிசு போட்டு இறுக்கி, தட்டோடு பதித்து இணைப்பைத் தீற்றினார். மேலே ஈரச் சாக்கு, ஒரு வாரத்துக்கு. கூலியும் பொருளும் 2,300.

கார்த்திகை 6

மூன்று நாள் அடைமழை விட்டு இரண்டு நாளாகிறது. கொக்கி காய்ந்து கிடக்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்து வயரைச் சோதித்த பிறகு ஃபியூஸைப் போட்டேன். உங்கள் மாடியிலும் பழைய டிஷ்ஷின் போல்ட் நிற்கிறதா என்று அடுத்த மழைக்குள் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள்.