மெல்ல ஓடக் கற்றமை

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்வியாலும் பதவியாலும் கல்லூரிக்குப் பெருமை தேடித்தந்த நண்பர் பலர் இருக்க, யான் எழுதத்தக்கது யாது என எண்ணினேன். ஆராயுமிடத்து, நாற்பத்தெட்டாம் வயதில் ஓடப் பழகினேன் என்பதொன்றே பிறர்க்குப் பயன்படக் கூறுதற்கு என்னிடம் உளதெனத் தோன்றிற்று. அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

என்னுடன் படித்தோர் இதனைக் கண்டு நகைப்பர் என்பதை அறிவேன். பள்ளிப் பருவத்திலேயே யான் பருத்த உடலினன். இல்ல மெய்வல்லுநர் போட்டி நாள்களில் எனக்கு வாய்த்த பணி, எமது இல்லக் கூடாரத்திலே தண்ணீர் வாளியையும் தோடம்பழக் கூடையையும் காவல் செய்வதே. அதனை மகிழ்ச்சியுடனேயே செய்தேன். ஓட்டம் ஓடப் பிறந்தவர்க்கு உரியது. ஏனையோர் கைதட்டப் பிறந்தவர் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. பின்னர் கொழும்பிலே வாய்த்த உத்தியோகமும், நாள் முழுதும் நாற்காலியும், மாலைச் சிற்றுண்டியும், பிந்திய இராப்போசனமும் சேர்ந்து என் நிறையை 112 கிலோகிராமாக உயர்த்தின.

எந்தையார் நீரிழிவு நோயினர். அவரது வலப்பாதத்திற் கண்ட புண் ஆறாமையால், அக்கால் முழங்காலின் கீழே அகற்றப்பட்டது. அதன்பின் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, வீதியால் நடந்து செல்வோரைப் பார்த்துக்கொண்டிருப்பார்; ஒன்றும் சொல்லார். 2021 இல் எனக்கும் அந்நோய் உண்டென்று வைத்தியர் கூறியபோது, மருந்துகளின் பெயர் எதுவும் என் செவியில் ஏறவில்லை. அந்தக் கதிரையே கண்முன் நின்றது.

நீரிழிவு வந்தால் வந்ததுதான் என்பது முன்னையோர் கொள்கை. பிரித்தானியாவில் நடைபெற்று, 2017 இல் முதன் முடிவுகள் வெளியான ‘டிரெக்ட்’ என்னும் ஆய்வு அக்கொள்கையை அசைத்துவிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டு ஆறாண்டு கடவாதோர் அதிற் பங்குகொண்டனர். அவர்களுள் 15 கிலோகிராமோ அதற்கு மேலோ நிறை குறைத்தோரில் நூற்றுக்கு 86 பேர், ஓராண்டின் முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையில் இருந்தனர். வைத்தியர் இதனை எடுத்துரைத்துத் தமது மேற்பார்வையில் என் உணவைக் குறைப்பித்தார். சோறு மூன்றிலொன்றாயிற்று, கீரையும் மீனும் பருப்பும் பெருகின, தேநீரிற் சீனி ஒழிந்தது. பதினாறு மாதங்களில் 38 கிலோகிராம் குறைந்தது.

குறைந்த நிறை மீளாது காத்தல், குறைத்தலினும் அரிது. நிறை குறைத்து அதனைக் காத்துவருவோர் பற்றிய பதிவேடு ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் 1994 இல் தொடங்கப்பட்டது. அதிற் பதிவானோருட் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்வோராகக் காணப்பட்டனர். ஆகவே யானும் நடந்தேன். நடை இலகுவானபின் ஓட விரும்பினேன்.

மெலிந்தவரெல்லாம் ஓட்டக்காரர் ஆகார் என்பதே யான் கற்ற முதற் பாடம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்கும் விசை, உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்காகும். இருதயமும் நுரையீரலும் சில கிழமைகளிலேயே தேறத் தொடங்கும்; எலும்பும் தசைநாணும் தேறுதற்கோ பல மாதங்கள் வேண்டும். நிறை குறைந்தபோது கொழுப்புடன் தசையும் ஓரளவு கழிந்திருக்கும். ஆதலால் மூச்சு இடங்கொடுக்கிறதே என்று ஓடுவோர் முழங்காலைக் கெடுத்துக்கொள்வர்.

1972 ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் அணியில் 10,000 மீற்றர் ஓட்டவீரராக இடம்பெற்ற ஜெவ் கலோவே, புதிதாய் ஓடுவோர் ஓட்டத்தையும் நடையையும் மாறிமாறிச் செய்யும் முறையைப் பரப்பியவர். அதனையே யான் கைக்கொண்டேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இருபது நிமிடத்தில் நிறுத்தம். கிழமைக்கு மூன்று நாள். அருகில் வருபவரோடு ஒரு வாக்கியத்தை இடையறாது பேசி முடிக்க இயலுமாயின், அதுவே தக்க வேகம். கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ஆதலால் வெயில் ஏறுமுன், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள பாதையில் ஓடினேன். இரவுதோறும் இரு பாதங்களையும் விளக்கொளியிற் பார்ப்பேன். கொப்புளம் கண்டால் மறுநாள் ஓட்டமில்லை. இது நீரிழிவினர்க்கு விதிக்கப்பட்ட கடமை. எனக்கோ எந்தையாரை நினைக்கும் வேளையுமாகும்.

2023 இல் முதன்முதலாக ஐந்து கிலோமீற்றர் ஓட்டமொன்றிற் பங்குகொண்டு 42 நிமிடத்தில் முடித்தேன். பத்து வயதுச் சிறுவர் பலர் எனக்கு முன்னே சென்றனர். அவ்வாண்டின் இறுதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடினேன். மறு ஆண்டு அரை மரதன் தூரமாகிய 21.1 கிலோமீற்றரை ஓடத் துணிந்தேன். பதினேழாவது கிலோமீற்றரில், வெள்ளவத்தையை அணுகியபோது, எனக்குப் பின்னே ஒரு சிலரே இருந்தனர்; தண்ணீர் மேசைகளை மடக்கத் தொடங்கியிருந்தனர். தொண்டனாய் நின்ற மாணவன் ஒருவன் என்னைக் கண்டதும், மடக்கிய மேசையை மீண்டும் விரித்து, “ஆறுதலாக் குடியுங்கோ ஐயா, நாங்கள் நிற்கிறம்” என்றான். இரண்டு மணி 53 நிமிடத்தில் எல்லைக் கோட்டைக் கடந்தேன். கழுத்தில் இட்ட பதக்கத்தினும் அச்சிறுவனின் சொல்லே என் நெஞ்சில் நிற்கின்றது.

இன்று என் குருதிச் சீனி மருந்தின்றியே அளவில் நிற்கின்றது. நோய் ஒழிந்தது என்று கூறேன். தணிந்துள்ளது என்பதே பொருத்தம். பரிசோதனையும் ஓட்டமும் தொடர்கின்றன.

ஆசிரியப் பெருந்தகைகளுக்கும் மாணவத் தம்பியர்க்கும் ஒரு விண்ணப்பம். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற்றையும், 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கத்தையும் போற்றுதல் நம் கடன். ஆயினும் எந்தக் கல்லூரியும் உருவாக்கும் வீரர் சிலரே. நடுவயதில் வைத்தியர் முன் அமரப்போகும் மாணவரோ பலர். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. அது வேகமாய் ஓடுவோர்க்கு மட்டும் கூறப்பட்டதன்று.

ஆகவே, வீதியோட்டத்தில் முதல் மூவரது நேரத்தை மட்டுமன்றி, ஒவ்வொரு மாணவனது நேரத்தையும் குறித்து வைக்குக. மறு ஆண்டில் தன் பழைய நேரத்தைத் தானே வென்றவனுக்கும் இல்லப் புள்ளி ஒன்று வழங்குக. தண்ணீர் வாளியைக் காக்கும் பிள்ளையையும் ஒருமுறை தடத்தில் இறக்கி, மெல்ல ஓடலாம் என்று சொல்லுக. கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை மைதானத்தின் வாயில் திறந்திருக்கட்டும்.

நம் கல்லூரி நீடு வாழ்க!