வெளிநாட்டு பிரேமும் பிள்ளையின் கண்ணும்

 

தலவில, கண்டக்குளி, நுரைச்சோலைப் பக்கத்துப் பெற்றோரிடம் ஒரு விடயம் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் நாங்கள் பல நாளாக நினைத்திருந்தோம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைக்குப் பார்வைக் குறைவு என்று தெரிகிறது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பா அல்லது மாமா ஆசையோடு ஒரு விலைகூடிய பிரேம் அனுப்புகிறார். அதைக் கடையில் கொடுத்து, "இதுக்கு பவர் லென்ஸ் போட்டுத் தாங்க" என்கிறோம். "இதுக்குப் போட ஏலாது" என்கிறார் கடைக்காரர். "தங்கட பிரேமை விக்கத்தான் இந்தக் கதை" என்று திரும்பி வந்துவிடுகிறோம். எங்கள் மாணவி ஒருத்தி இப்படி ஒரு தவணை முழுவதும் கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதினாள். அவள் படிக்காத பிள்ளை என்று வீட்டில் ஏச்சு வேறு.

கடைக்காரர் மறுப்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. முகத்தைச் சுற்றி வளைந்த கூலிங் கிளாஸில் சாதாரண மைனஸ் லென்ஸ் பொருந்தாது; பலவந்தமாக வைத்தால் ஓரத்தில் பார்ப்பதெல்லாம் கோணலாகும். அசிட்டேட் பிரேமைச் சூடாக்கி இளக்கித்தான் லென்ஸை உள்ளே விடுவார்கள். பழசாகிக் காய்ந்த பிரேம் அந்தச் சூட்டில் வெடித்துவிடும். எங்கள் உப்புக் காற்றில் கிடந்த கம்பி பிரேமின் திருகாணி துருவேறி இறுகியிருக்கும், திருப்பினால் முறியும். ரேபானும் மெட்டாவும் சேர்ந்து 2023 இல் வெளியிட்ட கண்ணாடி போன்றவற்றில் கமராவும் பட்டரியும் இருப்பதால் கண்டபடி சூடாக்க முடியாது.

பெரியவரின் பிரேம் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை. லென்ஸின் நடுப்புள்ளி கருவிழிக்கு நேரே வர வேண்டும். பிள்ளையின் இரு கருவிழிகளுக்கும் இடையிலான தூரம் குறைவு. பிரேம் அகலமானால் அந்தப் புள்ளி விலகித் தலையிடி வரலாம். மைனஸ் பவர் கூடினால் ஓரமும் தடிக்கும்.

இதை யோசிப்போம்: எமது பிரேம் கடைக்காரரின் கையில் அமானிதம். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வேலைக்கு முன்பே "ஏலாது" என்பவர் எங்களை ஏமாற்றவில்லை. தன்னிடம் வாங்காத பிரேம் என்பதற்காக மட்டும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. வித்தியாசம் அறிய ஒரு கேள்வி போதும்: "ஏன் ஏலாது, காட்டுங்க." காரணம் இருந்தால் பிரேமிலேயே தொட்டுக் காட்டுவார். "போடலாம், உடைஞ்சா பொறுப்பு உங்கட" என்றால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொண்டு முடிவெடுங்கள். ஒன்றும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பொருந்தும் கண்ணாடியின் காதுக் கம்பியின் உட்பக்கம் 52, 18, 140 என்பதுபோல இலக்கங்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். வீட்டாரிடம் அவற்றைக் கேட்டு, அதற்குக் கிட்டிய அளவில் வாங்குங்கள். ஸ்கார்ப் அணியும் பெண்பிள்ளைக்கு மெல்லிய, நேரான கம்பி என்றால் காதோரம் அழுத்தாது.

பிரேம் வரும்வரை பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள். விலை குறைந்த பிரேமிலாவது சரியான பவரை இந்த வாரமே போட்டுக் கொடுங்கள். வாப்பாவின் பிரேம் பொருந்தினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தவறிப்போன பாடங்களைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.

அல்லாஹ் எம் பிள்ளைகளின் பார்வையைப் பாதுகாப்பானாக. ஆமீன்.