வரவில்லை என்று சொன்னேன்

2006 தீபாவளி அன்று காலையில், தொலைபேசியில், நான் மிகவும் மதிக்கும் ஒருவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதைப் பொய் என்று அவர் இன்றுவரை அறியமாட்டார். அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

கம்ப்யூட்டர் பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு, கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்.பி. பையன் படிப்புக்கு என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன். பையன் உட்கார்ந்த நேரத்தைவிட நான் உட்கார்ந்த நேரம் அதிகம். திங்கட்கிழமை தினமலரோடு வரும் கம்ப்யூட்டர் மலரில் ஏதாவது ஒரு மென்பொருளின் பெயர் கண்ணில் பட்டால் போதும், அன்றிரவே அதை இறக்கிப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வரும் சி.டி.க்களை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தேன். பாட்டு கேட்க நாலு மென்பொருள், படம் பார்க்க மூன்று, ஃபைல்களை அடுக்கி வைக்க இரண்டு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். அந்த நீலப்பட்டை இடமிருந்து வலமாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

இந்தப் பழக்கம் செய்தியோடைகளிடம் வந்து சேர்ந்தபோதுதான் முற்றியது. 2004ல் தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் தமிழ்மணம் தொடங்கியது. அந்தச் சமயத்தில் நிறையப் பேர் யூனிகோடு தமிழில் எழுத வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்ன ஆரஞ்சுப் பொத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. பதிவின் தலைப்பு, முகவரி, தேதி, உள்ளடக்கம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஆர்.எஸ்.எஸ். என்று பெயர், 1999ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அந்த முகவரியை ஒரு ரீடரில் கொடுத்துவிட்டால், மணிக்கு ஒரு தரம் அது போய் எட்டிப் பார்த்து, புதிதாக எதுவும் வந்திருந்தால் எடுத்து வந்து நம் முன்னால் வைக்கும். நாம் ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வருவதுபோல. இதைவிட நல்ல ஏற்பாட்டை இணையத்தில் நான் இன்றுவரை பார்க்கவில்லை. நடுவில் இருந்துகொண்டு இதைக் காட்டு, அதை மறை என்று சொல்வதற்கு ஆளே கிடையாது.

அந்த நல்ல ஏற்பாட்டை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஷார்ப்ரீடர் போட்டேன். அது ஓட டாட்நெட் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்றது. ரீடர் சின்னதுதான், டாட்நெட்டோ 23 எம்.பி. அப்போது எனக்கு இருந்தது தொலைபேசிக் கம்பி வழி டயல்-அப். இரவெல்லாம் விழித்திருந்து இறக்கினேன். பிறகு ஆர்.எஸ்.எஸ். பேண்டிட். பிறகு ஃபீட்டீமன், பார்க்க அழகாக இருந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதால் சோதனை நாட்கள் முடியும்வரை வைத்திருந்தேன். பிறகு ஜாவாவில் ஓடும் ஆர்.எஸ்.எஸ். ஔல். 256 எம்.பி. ராமில் அதைத் திறந்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பிறகு மின்னஞ்சலோடு சேர்த்து ஓடைகளையும் வாங்கிக்கொள்ளும் தண்டர்பேர்டு. ஒன்றில் தலைப்புகள் கேள்விக்குறிகளாகத் தெரியும், இன்னொன்றில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். சரி செய்ய ஒரு இரவு. எழுத்தளவு பிடிக்கவில்லை என்று ஒரு இரவு. இலக்கியம், அரசியல், சமையல், தொழில்நுட்பம், ஊர்க்காரர்கள் என்று ஃபோல்டர் பிரித்து அடுக்க ஒரு வாரம். 140 ஓடைகள் சேர்த்திருந்தேன்.

ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்று, "எட்டு மணிக்கு உக்காந்தது. அப்படி என்ன படிச்சீங்க? ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை, ஆசையாகத்தான் கேட்டாள். அவளுக்கு வாசிக்கப் பிடிக்கும். எனக்குச் சொல்ல எதுவுமே இல்லை. மூன்று மணி நேரத்தில் நான் ஒரு பதிவைக்கூட முழுதாகப் படித்திருக்கவில்லை. பழைய ரீடரிலிருந்து புதிய ரீடருக்கு வீடு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடு மாற்றத்தில் ஒரு விஷயம் உண்டு. ஒரு ரீடரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓ.பி.எம்.எல். என்ற கோப்பில் ஓடைகளின் முகவரிகளை மட்டும் கொண்டுபோகலாம். எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்ற கணக்கு கூட வராது. புதிய ரீடர் ஒவ்வொரு ஓடையிலும் கடைசியாக உள்ள பத்தையோ இருபத்தைந்தையோ மறுபடியும் இழுத்து வந்து, அத்தனையும் புதிது என்று தடித்த எழுத்தில் காட்டும். 140 ஓடைகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். உடனே 'எல்லாவற்றையும் படித்ததாகக் குறி' என்ற பொத்தானை அழுத்துவேன். எண் பூஜ்யமாகும். மனசு லேசாகும். சுத்தமான ரீடரோடு படுக்கப் போவேன். பிறகு ஃபீட்டீமனில் பழைய பதிவுகளை மொத்தமாகப் படித்த கணக்கில் தள்ளிவிட 'பேனிக் பட்டன்' என்றே ஒரு வசதி வைத்தார்கள். ஃபீட்டீமனை எழுதிய நிக் பிராட்பரிக்கு எங்களைப் போன்றவர்களின் பதற்றம் தெரிந்திருக்கிறது.

இனி, நான் பொய் சொன்ன அண்ணாச்சியைப் பற்றி.

அவர் உடன்குடிப் பக்கம் ஒரு ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருந்தான். எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. தமிழில் தட்டலாம் என்று ஆசையைக் கிளப்பிவிட்டது நான்தான். 2005ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்.பி. சி.டி.யையும் தமிழில் தட்ட உதவும் எ-கலப்பை மென்பொருளையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அப்போதெல்லாம் எக்ஸ்.பி.யில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்புகளில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டவுடன் சி.டி.யைக் கேட்கும்.

நான் அதைச் செய்துகொண்டிருக்கும்போது அவருடைய அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். எண்பது வயசுக்கு மேல். போகாமல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஐயா, இதுல நம்ம எழுத்து வருமா?" என்று கேட்டார்கள். "வரும் ஆச்சி, உங்க பேரச் சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள். தட்டினேன். எழுத்தளவை 72 வைத்துத் திரை முழுக்கக் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்கள். விரலில் இருந்த மாவு திரையில் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி துடைக்கப் போனார். "இருக்கட்டும்டா" என்றார்கள்.

அன்றிலிருந்து அண்ணாச்சி எழுத ஆரம்பித்தார். மாசத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தேரிக்காட்டுச் செம்மண், பனையேறிகள், பதநீர் காய்ச்சும் அடுப்பு, அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். இன்றைக்குப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவும் நல்ல எழுத்து. அன்றைக்கு நான் அதில் கால்வாசிகூடப் படிக்கவில்லை. அவருடைய ஓடை 'ஊர்க்காரர்கள்' ஃபோல்டரில் இருந்தது. போன் பேசும்போதெல்லாம், "இந்தத் தடவ எழுதினது பாத்தியளா தம்பி?" என்று கேட்பார். "படிச்சேன் அண்ணாச்சி, ரொம்ப நல்லாருந்துச்சு" என்பேன். தலைப்பைப் பார்த்திருப்பேன். அதை வைத்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவும் பழகியிருந்தேன். அவர் அதை நம்பினார், அடுத்ததை எழுதினார். தெரிந்தே செய்தேன் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்.

2006 செப்டம்பர் கடைசியில் கூகுள் ரீடர் புது முகத்தோடு வந்தது. பெட்டி படுக்கையோடு அங்கே மாறினேன். அக்டோபரில், தீபாவளி வாரத்திலேயே, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வெளியானது. ஓடைகளைப் படிக்கும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு அப்போது பிராட்பேண்டு வந்துவிட்டிருந்தது. எங்கள் திட்டத்தில் இரவு 2 மணிக்கு மேல் இறக்குவது கணக்கில் சேராது என்பதால் அலாரம் வைத்து எழுந்து இறக்கினேன். 140 ஓடைகளையும் அதில் ஏற்றி அடுக்கி முடித்தபோது வெளியே முதல் வெடிச் சத்தம் கேட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வழக்கம்போல அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"தீபாவளி வாழ்த்துகள் அண்ணாச்சி. ஆச்சி எப்படி இருக்காவ? எண்ண தேச்சுக் குளிச்சாச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லலா தம்பி. அம்மா ஆவணியில போயிட்டாவ. எழுதியிருந்தேனே... நீங்க பாக்கலியோ?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படிக்கவில்லை அண்ணாச்சி, தப்பு என்மேல்தான், மன்னிச்சிருங்க என்று சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷர். நான் சொன்னது வேறு. "ஐயோ, அது எனக்கு வரவே இல்லியே அண்ணாச்சி. ரீடர்ல ஏதோ கோளாறுபோல" என்றேன். யோசித்துச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"அப்படியா? அப்போ என் பக்கந்தான் ஏதாவது தப்பா அமுக்கியிருப்பேன். எனக்கு இந்த மெஷின் விவரம் என்ன தெரியும்" என்றார். அம்மாவைப் பறிகொடுத்த மனுஷர் எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அவருடைய ஓடையைத் திறந்தேன். மேலிருந்து இரண்டாவது பதிவு. தலைப்பு 'அம்மா'. விடியுமுன்தான் அதைப் படித்ததாகக் குறித்திருந்தேன். கூகுள் ரீடரைத் திறந்தேன். அங்கேயும் இருந்தது, படித்த கணக்கில். அதற்கு முன்னால் வைத்திருந்த ரீடர் தான் இழுத்து வந்ததையெல்லாம் ஹார்டு டிஸ்கில் கோப்புகளாக வைத்திருந்தது. அந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, கோப்பை நோட்பேடில் திறந்தேன். பதிவு எழுதிய அன்றைக்கே வந்திருக்கிறது. முழுசாக வந்திருக்கிறது, ஒரு எழுத்துக்கூட உடையாமல்.

பிறகுதான் படித்தேன். கடைசி வாரத்தில் ஆச்சி படுக்கையில் இருந்தபடியே கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி கட்டிலைத் திருப்பிப் போட்டு, அவர்கள் பெயரைத் திரை நிறையத் தட்டிக் காட்டியிருக்கிறார். அந்தப் பதிவில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் வந்து தமிழ் எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார், அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார்கள் என்று எழுதியிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். யாரையோ கூட்டிவந்து அமைப்புகளையெல்லாம் சரிபார்த்தாராம். ஓடை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒன்று எழுதிப் போட்டிருக்கிறாராம். "இப்ப வருதா தம்பி?" என்று கேட்டார். திரையில் இருந்தது. தலைப்பு 'சோதனை'. உள்ளே ஒரே வரி: இது சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன். "வருது அண்ணாச்சி" என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ஆம் தேதி மூடினார்கள். மூடுமுன் நான் வெளியே எடுத்து வைத்த கோப்பில் 300க்கு மேல் ஓடைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினேன். இப்போது என்னிடம் இருப்பது பதினொன்று. ரீடரை மாற்றுவதே இல்லை. வருவதை அன்றன்றைக்கே படிக்கிறேன். படிக்க முடியாவிட்டால் படிக்கவில்லை என்று கேட்டவரிடமே சொல்லிவிடுகிறேன். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாச்சிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, எழுதுவதில்லை. அந்தச் 'சோதனை' பதிவை அவர் நீக்கவே இல்லை. ஆச்சியைப் பற்றி எழுதியதற்குச் சற்று மேலே, இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

இது பத்திரிகையில் வந்ததும் அவர் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி, உங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் எதையும் தப்பாக அமுக்கவில்லை. ஆச்சியைப் பற்றி நீங்கள் எழுதியது என் வீட்டுக்கு மூன்று முறை வந்தது.