வெள்ளையா, பச்சையா?

வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லுவது புருஷர்கள். தீர்ப்புச் சொல்லுவது நீங்கள்தான், சகோதரிகளே! ஆகவே, ஆர்.கே.பேட்டையில் நான் கேட்ட வழக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்தது 1960 ஏப்ரல் 1-ந் தேதி. எல்லைதான் மாறியது; வீடுகளில் இரண்டு பாஷையும் இன்றும் கலந்து புழங்குகின்றன. அப்படி ஒரு நெசவாளர் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சுவரைப் பற்றித் தகராறு.

"நீலம் கலந்த சுண்ணாம்பே போதும்" என்றார் மாமியார். செலவு குறைவு, சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது, நீலம் பழுப்பை மறைத்துப் பளிச்சென்று காட்டும்.

"ஆகு பச்சதான் வேணும், அத்தே!" என்றாள் மருமகள். வெறும் 'பச்ச' என்றால் போச்சு! தெலுங்கில் மஞ்சளும் பச்சைதான். அது 'பசுபு பச்ச', இது 'ஆகு பச்ச'.

"இருட்டு வீட்டிலே பச்சையும் கறுப்புதாண்டி!" என்றார் மாமியார். நியாயந்தான். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு போலத் திருப்பித் தரும். கரும்பச்சை பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

மருமகள் பதில் பேசவில்லை. தார் சுற்றும் ராட்டினத்திலிருந்து வெள்ளை இழை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தேன், இழையே தெரியவில்லை! அவளுடைய பச்சைப் புடவைக்கு நேரே பிடித்தேன். கோடு போட்டதுபோல் தெரிந்தது. பொழுதெல்லாம் அறுந்த இழையைத் தேடித் தேடி முடிகிற கண்கள் அவளுடையவை அல்லவா?

ஓர் அறைக்கு ஒரே வர்ணம் என்று யார் சட்டம் போட்டது? ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வெள்ளை, ராட்டினத்துக்குப் பின்சுவர் பச்சை என்று நான் சொன்னதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

நீங்களும் வர்ணம் வாங்குமுன் சில காரியங்கள் செய்யுங்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் புது வர்ணம் உரிந்து வரும். டப்பாவில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். குழந்தைகளுக்கு அது விஷம். பத்து லட்சம் பங்கில் 90-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இரண்டு அட்டைகளில் வர்ணத்தைப் பூசி, காலையிலும் மத்தியானத்திலும் விளக்கு வைத்த பிறகும் பாருங்கள்.

அப்புறம், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் உழைக்கிறவர் யாரோ, அவரை முதலில் கேளுங்கள்!