எம் ஆசானும் அவர்தம் மொறிஸ் மைனரும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து சங்க இலக்கியத்தைப் பற்றியோ சைவநெறியைப் பற்றியோ ஏதேனும் வருமென்றே எதிர்பார்த்திருப்பர். யாமோ ஒரு பழைய மோட்டார்க் காரையும் அதன் காப்புறுதிப் பத்திரத்தையும் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். அக்காரை அறியாத பழைய மாணவர் இலராதலின் அன்பர்கள் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம்.

எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் (பெயர் சொல்லுதல் முறையன்று, சொல்லாமலே பலர் அறிவர்) தம் தந்தையார் 1958இல் வாங்கிய மொறிஸ் மைனரிலேயே நாடோறும் கல்லூரிக்கு வருவார். அது திரும்புங்கால் கதவுத் தூணிலிருந்து சிறு கையொன்று ஒளியுடன் வெளியே நீளும். அதனைக் காண்பதற்கென்றே கீழ்வகுப்பு மாணவராகிய யாம் வாயிலில் நிற்பதுண்டு. பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் முற்பகுதியில், பெற்றோலைச் சில துளி ஊட்டி எஞ்சினை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் அதுவும் ஒன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது, எம் அன்னையாரையும் நடக்கவியலாத பாட்டியாரையும் அக்காரில் ஏற்றிக்கொண்டு, சனவெள்ளத்தினூடே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடைவேகத்தில் ஊர்ந்தவர் அவர். பதினைந்து வயதினராகிய யாம் மழையில் நனைந்தபடி வண்டியின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நடந்தோம். ஒருவர் காலிலேனும் சில்லுப் படவில்லை.

அத்தகைய கைகளைப் பற்றிக் குறை சொல்ல எமக்கு நா எழவில்லை. எழாமையால் விளைந்ததையே ஈண்டு எழுதுகின்றோம்.

குறிகள் பலவற்றை யாம் ஓராண்டுக்கு மேலாகவே கண்டிருந்தோம். படலைத் தூணில் உரசிய கீறல்கள் இடப்பக்க மட்காட்டில் ஒவ்வொன்றாகக் கூடின. பின்னே பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பாமல் உடலையே திருப்பினார். எதிரே வெளிச்சம் வந்தால் வண்டி தானாகவே மெதுவாகும். திரும்பி முடிந்த பின்னும் கைகாட்டி நீட்டியபடியே நிற்கும். பழைய கார்தானே, குறுகிய படலைதானே என்று எமக்கு யாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

2023 கார்த்திகையில் ஒருநாள், பழைய மாணவர் கூட்டம் முடிந்து பொழுது மங்கும் வேளையில் யாம் அவர் அருகே அமர்ந்து வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. காங்கேசன்துறை வீதியிலிருந்து வலப்புறம் ஓர் ஒழுங்கையிலே திரும்பியபொழுது, எதிரே வந்த மோட்டார்ச் சைக்கிள் இடப்பக்க முன்சில்லருகே மோதி வீழ்ந்தது. ஓட்டி வந்தவர் மேசன் வேலை செய்யும் இளைஞர். முழங்காற் சிரட்டை வெடித்து ஆறு கிழமை கட்டிலிற் கிடந்தார். "வெளிச்சம் கண்ணில் பட்டது தம்பி, பிறகு ஒன்றும் தெரியவில்லை," என்று எம் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏறக் கண்வில்லை தடித்து மஞ்சளிக்கின்றது. கண்மணி முன்போல் விரிவதில்லை. இருபது வயதினர்க்கு விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினர்க்கு அடைகின்றது. கூசிய கண் தெளிவதற்கும் நேரம் செல்லும். இடப்பக்கமாகச் செல்லும் எம் நாட்டு வீதிகளில் வலப்புறம் திரும்புவோர், எதிர்வரும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் கணத்தில் அளந்தறிதல் வேண்டும். முதியோர் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேதான். குடித்துவிட்டு ஓடுவதும் போட்டிக்கு ஓடுவதும் அவர்கள் குற்றங்கள் அல்ல. அவை வேறு வயதினர்க்கு உரியவை.

காப்புறுதி ஒழுங்காகவே இருந்தது. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி பிறர்க்கு நேரும் மரணத்தையும் காயத்தையும் பொறுப்பேற்பது. நெளிந்த மட்காட்டை அது பொருட்படுத்தாது. ஆயினும் விசாரணை முடிந்து பணம் வரச் சில மாதங்கள் சென்றன. அதுவரை அவ்விளைஞரின் கூலியிழப்பை ஆசிரியர் தம் ஓய்வூதியத்திலிருந்தே ஈடுசெய்தார்.

அந்நாள்களிலேதான் மற்றொன்றும் வெளிப்பட்டது. இரு கண்களிலும் புரை படர்ந்துள்ளதென மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். ஆசிரியர் அதை எவர்க்கும் சொல்லவில்லை. காப்புறுதி என்பது வாய்மையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். அறிந்த நோயை மறைத்துப் பத்திரத்தைப் புதுப்பித்தால், ஆபத்து வேளையில் அது செல்லாக் காசாகவும் கூடும். இதனை யாம் மெல்ல எடுத்துரைத்தோம். கீறல்களையும் கைகாட்டியையும் பற்றி அப்பொழுதுதான் வாய் திறந்தோம்.

"எப்போதிருந்து உமக்குத் தெரியும்?" என்றார்.

"ஒரு வருடமாக, சேர்."

"பிழையென்று கண்டும் கொப்பியைத் திருத்தாமல் விடுகிற வாத்தியாரை நீர் என்னவென்று சொல்லுவீர்?"

யாம் விடை கூறவில்லை. இருபதாண்டுக்கு மேலாகக் கொப்பி திருத்தி வருகின்ற எமக்கு அவ்வினாவின் கூர்மை விளங்காமற் போகவில்லை.

காரை விற்றுவிடும்படி கனடாவிலிருந்து மகனும் இலண்டனிலிருந்து மகளும் தொலைபேசியில் வற்புறுத்தினர். அங்கிருந்து சொல்வது எளிது. கிழமைக்கு இருமுறை மனைவியாரைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் இவரே. காப்புறுதி, வருமான உத்தரவுப்பத்திரம், புகைப்பரிசோதனை, ரயர், அகப்படாத உதிரிப்பாகம் ஆகிய யாவற்றையும் தாளிற் கூட்டி, முச்சக்கர வண்டிக்கு ஆகும் செலவுடன் ஒப்பிட்டார். முச்சக்கர வண்டியே இலாபம் என விடை வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கணக்குச் சரி. ஆனால் ஓட்டோவில் என்னைக் கொண்டுபோகிறார்கள், நான் போவதில்லை."

இதற்குமேல் எவ்வாறு வாதாடுவது? ஆகவே காரை விடுவது பற்றிப் பேசாமல், எதை எதை விடலாம் என்று பேசினோம். 2024இல் இரு கண்களிலும் புரை நீக்கி வில்லை வைத்தனர். மருத்துவச் சான்றிதழ் பெற்றுச் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தார். கண் விடயத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தார். பிற்பகல் ஐந்து மணிக்குப் பின்னும் மழையிலும் காரை எடுப்பதில்லை. கைகாட்டியை அறியாத இளந்தலைமுறைக்காகச் சிமிட்டும் விளக்குகளும் பூட்டியாயிற்று. கிளினிக்குக்குச் செல்ல, சந்திகளில் வலப்புறம் திரும்பத் தேவையில்லாத பாதையொன்றைத் தாமே வரைந்துகொண்டார். ஒரு கட்டை கூடுதல்தான். இரவில் அவசரமெனின் பழைய மாணவர் நால்வர் முறைவைத்துச் செல்கின்றோம். இது எத்தனை காலத்துக்கென்று அவரும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. அடுத்த கீறல் விழுந்தால் அன்றே சொல்வதென்பது மட்டும் பேச்சு.

விழாவின் இராப்போசனத்துக்கு அவரை அழைத்துவரும் முறை எமது. அவர் காரிலேயே வருவோம். வேறொருவர் ஓட்டினும் காப்புறுதி செல்லுமா என முன்னரே விசாரித்துக்கொண்டோம். சென்ற கிழமை ஒத்திகையாக ஓட்டிப் பார்த்தோம். இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வந்தவர் நல்லூர் வரையும் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "கிளச்சிலே காலை ஊன்றிக்கொண்டு ஓட்டாதையும், தம்பி," என்றார்.