பத்து வருஷம் காலியாக இருந்த நாற்காலி

மதுரையிலிருந்து மேற்கே தேனி சாலையில் போனால் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்துக் கிராமம்தான் பாப்பாபட்டி. மகா சிவராத்திரி வந்துவிட்டால் ஒச்சாண்டம்மனைக் கும்பிட வெளியூர்களிலிருந்தும் சனம் திரளும். இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு.

1996-ல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. வேட்புமனு போடவே ஆட்கள் பயந்தார்கள். ஜெயித்தவர்களும் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்தார்கள். தேர்தல் தேதிகள் வந்து வந்து போயின. குடிதண்ணீர், தெருவிளக்கு என்று எது கேட்பதானாலும், கேட்க ஊருக்கென்று ஒரு தலைவர் இல்லை.

2006-ல் அதிகாரிகள் ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் இந்த முறை ராஜினாமா செய்யவில்லை. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே வந்து கலந்துகொண்டார்.

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று அது கூடும் நாட்களில் வரவு செலவைக் கேட்கலாம். தெருவில் தண்ணீர் வராததைச் சொல்லலாம். நான்கு ஊர்கள் பத்து வருஷம் இழந்திருந்த உரிமை, நம் ஊரில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டோடு போய் உட்காருங்கள்!